கடல் மணலும் பைன் சருகும்: கிரேவல் சைக்கிள் மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது

கடலோரப் பைன் காட்டுக்குள் நுழைந்து, மணல்மேடு தாண்டி, கரையோரமாகக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுத் திரும்புகிற கிரேவல் சைக்கிள்களை, அதாவது மண்பாதைக்கென்று அகல டயர் போட்ட வண்டிகளைத்தான் நான் அதிகம் கழற்றிப் பூட்டியிருக்கிறேன். என்னுடையதும் உண்டு, நண்பர்களுடையதும் உண்டு. இது ஏதோ புதுக் கோளாறு என்று நினைத்துத் தொடங்குவோம். கடைசியில் மணல், உப்பு, சருகு இந்த மூன்றில் ஒன்றில் வந்து முடியும். அதனால் என்ன சத்தம் கேட்டால், என்ன கண்ணில் பட்டால் எங்கே கை வைப்பது என்று இங்கே எழுதிவைக்கிறேன். ஒவ்வொரு தலைப்பிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், பாகம் மாற்ற வேண்டிய காரணம் கடைசியில் வரும். அந்த வரிசையிலேயே பாருங்கள். கேசட் (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) போய்விட்டது என்று பயந்து வந்த வண்டியில் ஒரு பிடி ஊசியிலையை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பியது பல முறை.

பையில் இவை இருந்தால் பெரும்பாலான சோதனைகளைப் பாதையிலேயே முடித்துவிடலாம்: ஆலன் கீ செட், டயர் லிவர் இரண்டு, கைப்பம்பு, சின்ன பிரஷர் கேஜ், டியூப்லெஸ் பிளக் (டியூப் இல்லாத டயரின் ஓட்டையில் செருகும் ரப்பர் திரி), ஒரு டியூப், உங்கள் செயினுக்குப் பொருந்தும் குவிக் லிங்க் (பிரித்துச் சேர்க்கும் கண்ணி), உங்கள் ஃபிரேமுக்கான ஹேங்கர் (டெரெய்லரை ஃபிரேமில் தாங்கும் துண்டு), பழைய டூத் பிரஷ், ஒரு துணி. குடிக்கிற தண்ணீர் போக இன்னொரு பாட்டில் நல்ல தண்ணீரும் வேண்டும். எனக்கு அதிகம் உதவிய கருவி அந்த இரண்டாவது பாட்டில்தான்.

## முன்சக்கரம் மணலில் புதைகிறது, வண்டி நின்றுவிடுகிறது

பைன் காட்டுத் தரை ஊசியிலை மூடிக் கெட்டியாகத் தெரியும். அடியில் இருப்பது மணல். பல கடற்கரைகளில் பைன் நட்டதே மணல்மேடு நகராமல் இருக்கத்தான். பிரான்சின் தென்மேற்குக் கரையில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அந்த வேலையைத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே சருகு எங்கே விலகுகிறதோ அங்கே சக்கரம் இறங்கும்.

### முதலில் காற்று

பத்தில் ஒன்பது முறை டயரில் காற்று அதிகமாக இருக்கும். 40 முதல் 45 மி.மீ. டியூப்லெஸ் டயரில், சுமார் 70 கிலோ எடையுள்ளவர் கெட்டி மண்பாதைக்கு 30 முதல் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்திருந்தால், காட்டு மணலுக்கு 22 முதல் 25 வரை இறக்கிப் பார்க்கலாம். கரையின் பொடிமணலுக்கு 18, 20 கூடப் போகும். எடை கூடினால் அளவும் கொஞ்சம் கூடும். ஒரேயடியாக இறக்காமல் இரண்டு இரண்டு பிஎஸ்ஐயாக விடுங்கள், ஓட்டுங்கள், மறுபடி விடுங்கள். ரிம்மிலும் டயரிலும் அச்சடித்திருக்கும் எல்லைக்குக் கீழே போகாதீர்கள்.

அளவு மீறி இறங்கிவிட்டதற்கு இரண்டு அடையாளம்: வேரில் ஏறும்போது ரிம் ‘டங்’ என்று இடிக்கும், வளைவில் டயர் பக்கவாட்டில் நழுவுவது கைக்குத் தெரியும். உடனே மூன்று பிஎஸ்ஐ ஏற்றுங்கள். உள்ளே டியூப் போட்டிருக்கிறவர்கள் 28க்குக் கீழே இறங்குவதை நான் விரும்புவதில்லை. வேரில் மோதிய வேகத்தில் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கொத்தியதுபோல் இரண்டு ஓட்டை விழும்.

தார்ச்சாலைக்கு வந்ததும் மறக்காமல் காற்றை ஏற்றுங்கள்.

### அடுத்து, எந்தத் தடத்தில் ஓட்டுகிறீர்கள்

காட்டில் வாகனச் சக்கரங்கள் உழுத இரட்டைத் தடம் பார்க்க நேராக இருக்கும், ஆனால் அதுதான் மிகவும் இளகியது. நடுவிலோ ஓரத்திலோ சருகு மூடிய வரப்பு இருந்தால் அதன்மேல் ஓட்டுங்கள். ஊசியிலைகள் பாய்போல் பின்னிக்கொண்டு பாரத்தைத் தாங்கும். அந்தப் பாய்க்கு அடியில் வேர் ஒளிந்திருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வேரைச் சாய்வாகக் கடக்காதீர்கள், குறுக்காக நேரே ஏறுங்கள்.

கரையில் அலை கடைசியாக நனைத்துவிட்டுப் போன கருத்த ஈரமணல்தான் பாதை. அதற்கு மேலே உள்ள வெளிர்மணல் புதையும். கீழே கண்ணாடிபோல் மின்னுகிற பகுதியில் தண்ணீர் நிற்பதால் அதுவும் இளகும். கடல் முழுக்க வற்றும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் அந்தக் கெட்டிப் பட்டை அகலமாகக் கிடைக்கும். வற்றும் நேரம் தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும் என்பதால் நேற்று ஓட்டிய நேரத்தை வைத்து இன்று கிளம்பாதீர்கள். போகும்போது அகலமாக இருந்த கரை திரும்பும்போது பாறைக்கும் அலைக்கும் நடுவே இல்லாமல் போன இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

### பிறகு உடம்பு, கடைசியில் டயர்

மணல் கண்ணில் பட்டதுமே இரண்டு கியர் இறக்கிவிடுங்கள். உள்ளே போனபின் மாற்றினால் செயின் திணறும். இடுப்பைப் பின்னால் தள்ளி, ஹேண்டிலைத் தளர்வாகப் பிடித்து, நிறுத்தாமல் ஒரே சீராக மிதியுங்கள். முன்சக்கரம் கொஞ்சம் அலையும், அலையட்டும். அதைத் திருத்தப்போய் ஹேண்டிலை வெட்டினால்தான் விழுவோம். முன்பிரேக்கைத் தொடவே வேண்டாம்.

இவ்வளவு செய்தும் புதைந்தால் ஹேண்டில் பையின் எடையைப் பாருங்கள். அங்கிருக்கும் கனமான சாமானைப் பின்னுக்கு மாற்றினாலே வித்தியாசம் தெரியும். அதற்கும் பிறகுதான் அகல டயர். 35 மி.மீ. டயரில் பொடிமணலை வெல்ல முடியாது. 45 அல்லது 50 வேண்டும். வாங்குமுன் ஃபிரேமுக்குள் இடம் இருக்கிறதா என்று கடையில் காட்டி அளந்துகொள்ளுங்கள். டயருக்கும் ஃபிரேமுக்கும் இடைவெளி குறைந்தால் ஒட்டிவரும் ஈரமணல் ஃபிரேமை உப்புத்தாள்போல் அரித்துவிடும்.

## டயரில் காற்று நிற்கவில்லை

### சில நாளில் மெதுவாக இறங்கினால்

வால்வில் எச்சில் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் வால்வு கோரை (வால்வுக்குள் திருகியிருக்கும் முனை) இறுக்கினால் போதும். காற்று ஏற்றவே முடியவில்லை என்றால் கோரில் சீலண்ட் (டயருக்குள் ஊற்றும், ஓட்டை அடைக்கும் திரவம்) உறைந்து அடைத்திருக்கும். கழற்றிக் கழுவிப் போடுங்கள், இல்லையென்றால் புதுக் கோர்.

வால்வு நன்றாக இருந்தால் சக்கரத்தைக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே ‘களக்’ என்ற சத்தம் கேட்காவிட்டால் சீலண்ட் காய்ந்துவிட்டது. இரண்டிலிருந்து ஆறு மாதத்துக்குள் காய்வது இயல்பு, வெயில் காலத்தில் சீக்கிரம். 40 முதல் 60 மி.லி. ஊற்றி, சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். அப்படியும் ஸ்போக் ஓட்டைகள் வழியே சீலண்ட் கசிந்தால் ரிம் டேப் (ரிம்மில் ஸ்போக் ஓட்டைகளை மூடும் நாடா) போய்விட்டது. டேப் மாற்றுவது வீட்டில் செய்யக்கூடிய வேலைதான், ரிம்மைத் துளி எண்ணெய் இல்லாமல் துடைக்கும் பொறுமை இருந்தால்.

### ஓட்டும்போதே சட்டென்று இறங்கினால்

பைன் காயைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். டயரைக் கிழிப்பது பெரும்பாலும் அதுவல்ல. உடைந்த சிப்பியின் விளிம்பு, மீன்முள், வேலியிலிருந்து விழுந்த கம்பி, காய்ந்து கூராக ஒடிந்த குச்சி இவைதான். வெட்டு விழுந்த இடம் கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பிப் பிடித்து, சீலண்டுக்கு அரை நிமிடம் கொடுங்கள். அடையாவிட்டால் பிளக். ஒன்று போதாவிட்டால் இரண்டைச் சேர்த்துச் செருகலாம்.

வெட்டு எதுவுமில்லாமல் பக்கவாட்டில் ‘புஸ்’ என்று போயிருந்தால், காற்று குறைவாக இருந்ததால் டயர் விளிம்பு ரிம்மை விட்டு ஒரு கணம் பிரிந்திருக்கிறது. அந்த இடைவெளியில் மணல் போயிருக்கும். துடைக்காமல் காற்றடித்தால் திரும்பத் திரும்பக் கசியும்.

### டியூப் போட வேண்டி வந்தால்

இதில்தான் பலர் இரண்டாம் முறை மாட்டிக்கொள்கிறார்கள். டியூப்லெஸ் டயருக்குள் சீலண்டின் தயவில் அடங்கிக் கிடந்த பழைய முட்கள் பல இருக்கும். டியூபைப் போட்டுக் காற்றடித்த மறு நிமிடம் அத்தனையும் குத்தும். ஒரு துணியைச் சுருட்டி டயரின் உள்பக்கம் முழுக்கத் தடவுங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள் இருக்கிறது, பிடுங்குங்கள். வெறும் விரலால் தடவாதீர்கள். பிறகு உள்ளே ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு டியூபைப் போடுங்கள். மணல் இருந்தால் அது டியூபை உரசி உரசியே தேய்த்துவிடும்.

டயரின் பக்கச் சுவரில் நூல் தெரியுமளவு கிழிந்திருந்தால் உள்ளே கெட்டியான பிளாஸ்டிக் துண்டை வைத்து, காற்றைக் குறைத்து, வீடுவரை மட்டும் ஓட்டுங்கள். அதன்பின் அந்த டயர் வேண்டாம். ரிம் நெளிந்திருந்தாலோ விரிசல் தெரிந்தாலோ கடைக்குத்தான்.

## செயின் பக்கமிருந்து கரகரவென்று சத்தம்

முதலில் ஒரு சோதனை. மிதிப்பதை நிறுத்தி வண்டியை உருளவிடுங்கள். சத்தம் தொடர்ந்தால் பிரேக், ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) அல்லது சக்கரத்தில் உரசும் குச்சி. அந்தத் தலைப்புகளுக்குப் போங்கள். மிதிக்கும்போது மட்டும் வந்தால் இங்கேயே இருங்கள்.

### எண்ணெய் பாட்டிலைக் கீழே வையுங்கள்

கரகரத்ததும் எண்ணெய் விடுவதுதான் எல்லோருக்கும் வரும் முதல் எண்ணம். மணல் ஒட்டிய செயினில் எண்ணெய் விட்டால் அது இணைப்புகளுக்குள் இறங்கி அரைக்கும் பசையாகிவிடும். நல்ல செயின் ஒரே நாள் ஓட்டத்தில் அப்படி வீணானதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே மனசு கேட்கவில்லை. எனவே இந்த வரிசையில் செய்யுங்கள்:

மணல் உலர்ந்திருந்தால் டூத் பிரஷால் செயினின் நான்கு பக்கமும் தட்டிவிடுங்கள். ஈரமாகவோ உப்புத் தண்ணீர் பட்டோ இருந்தால் இரண்டாவது பாட்டில் தண்ணீரைப் பின்னோக்கி மிதித்தபடியே செயின்மேல் ஊற்றுங்கள். துணியால் பிடித்து இரண்டு சுற்று. துடைத்தபின் சத்தம் பெரும்பாலும் அடங்கிவிடும். எண்ணெய் தேவைப்பட்டால் அப்போது, இணைப்புக்கு ஒரு சொட்டு. வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள்.

இந்தப் பாதைகளுக்கு மெழுகு வகை லூப்தான் (செயின் மசகு) என் தேர்வு. முந்தின இரவே விட்டுக் காயவைத்தால் மணல் அதிகம் ஒட்டாது. மழையிலும் அலையிலும் சீக்கிரம் கழன்றுபோகும் என்பது அதன் குறை. அதைவிட மணல் ஒட்டுவதுதான் பெரிய கெடுதல்.

### குட்டிச் சக்கரங்களைக் குனிந்து பாருங்கள்

பின் டெரெய்லரில் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கை) உள்ள இரண்டு குட்டிச் சக்கரங்களிலும் ஊசியிலை சுற்றிக்கொள்ளும். அதோடு பிசினும் செயின் எண்ணெயும் சேர்ந்தால் கறுத்த கயிறுபோல் இறுகும். கேசட்டின் பற்களுக்கு நடுவிலும் இதே கதை. கூரான குச்சியால் நோண்டி எடுங்கள். பைன் பிசின் வெறும் தண்ணீரில் போகாது. வீட்டில் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தால் கரையும். சவுக்குத் தோப்பில் ஓட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும். அதன் சருகு இன்னும் மெல்லியது, இன்னும் உள்ளே போய்ச் சிக்கும்.

### ஒரே இடத்தில் ‘டக்... டக்...’ என்று எகிறினால்

உப்பில் துருப்பிடித்து ஒரு இணைப்பு மடங்காமல் இறுகியிருக்கிறது. மெதுவாகப் பின்னோக்கி மிதித்தபடி கீழ்க் குட்டிச் சக்கரத்தைப் பாருங்கள். அந்த இணைப்பு அங்கே வரும்போது டெரெய்லர் துள்ளும். அதை விரல்களால் பக்கவாட்டில் இரண்டு பக்கமும் வளைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். இரண்டு மூன்று இணைப்புகள் அப்படி இருந்தால் செயினை மாற்றுவதே நல்லது.

### எல்லாம் சுத்தம், ஆனாலும் சத்தம்

தேய்மானத்தை அளக்கும் நேரம். செயின் கேஜ் வைத்துப் பாருங்கள்: 11, 12 கியர் கேசட் என்றால் 0.5 சதவீதத்தில் செயினை மாற்ற வேண்டும். 10ம் அதற்குக் குறைவும் என்றால் 0.75 வரை போகலாம். கேஜ் இல்லாவிட்டால் அங்குல அளவுகோல் போதும். புதுச் செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 பின் தள்ளி அளந்தால் சரியாக 12 அங்குலம் வரும். அது 1/16 அங்குலம் கூடியிருந்தால் 0.5 சதவீதத்தைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம்.

தாமதித்து மாற்றினால் புதுச் செயின் பழைய கேசட்டில் உட்காராது. மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது பல் தாவும். அப்போது கேசட்டும், சில சமயம் முன் பல்சக்கரமும் சேர்ந்து போகும். மூன்றும் சேர்ந்த செலவு பெரிது, ஆகவே வாங்குமுன் கடையில் மூன்றையும் காட்டி எது உண்மையில் தேய்ந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

## கியர் தாமதமாக விழுகிறது, அல்லது தானாகத் தாவுகிறது

### குச்சி சிக்கிய சத்தம் கேட்டால்

இதை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் அரை நொடிதான் கிடைக்கும். பின்சக்கரத்தில் குச்சி தட்டும் சத்தம் கேட்டதும் மிதிப்பதை நிறுத்துங்கள். யோசிக்க வேண்டாம், கால் நிற்கட்டும். வண்டியை உருளவிட்டு மெல்ல நிறுத்துங்கள். கைவிரல் பருமனுள்ள பைன் குச்சி ஸ்போக்குக்கும் டெரெய்லருக்கும் நடுவே போகும்போது காலால் அழுத்தினால் ஹேங்கர் வளையும், ஒடியும். டெரெய்லரே ஸ்போக்குக்குள் போய்விடவும் கூடும். இறங்கி, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, குச்சியைக் கையால் உருவுங்கள்.

### ஹேங்கர் வளைந்ததா

வண்டிக்குப் பின்னால் குந்தி, கேசட்டின் நடுவே ஒரு செங்குத்துக் கோடு நினைத்துக்கொள்ளுங்கள். டெரெய்லரின் கூண்டு அந்தக் கோட்டோடு நிற்க வேண்டும். கீழ்ப்பகுதி சக்கரத்தை நோக்கிச் சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்துவிட்டது. பெரிய பல்லுக்கு (கேசட்டின் பெரிய பல்சக்கரத்துக்கு) மட்டும் மாற்றவே மாற்றாதீர்கள்; அங்கே போனால் கூண்டு ஸ்போக்கில் மாட்டும். நடுப் பல் ஒன்றில் வைத்து ஓட்டி வீடு சேருங்கள். ஹேங்கர் மெல்லிய அலுமினியம், டெரெய்லரைக் காப்பாற்றத் தான் வளைவதற்கென்றே செய்தது. கையால் நிமிர்த்தினால் ஒடிவதும் உண்டு. கடையில் அதற்கான அளவுக் கருவியால் நிமிர்த்தச் சொல்லுங்கள், அல்லது பையில் இருக்கும் புதியதை மாட்டுங்கள்.

### ஹேங்கர் நேராக இருந்தால்

கேபிள் சேரும் இடத்தில் உள்ள திருகுக் குமிழைக் கால் சுற்று மட்டும் திருப்பிப் பாருங்கள். பெரிய பல்லுக்கு ஏற மறுத்தால் கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசை. சின்னப் பல்லுக்கு இறங்க மறுத்தால் கடிகாரத் திசை. ஏறுவது நன்றாக இருந்து இறங்குவது மட்டும் சோம்பலாக இருந்தால், கேபிள் உறைக்குள் உப்பும் மணலும் சேர்ந்து இறுகியிருக்கும். குமிழைத் திருப்பிப் பயனில்லை. உள்கம்பியையும் உறையையும் சேர்த்து மாற்றுங்கள். கம்பியை மட்டும் மாற்றினால் சில வாரங்களில் மறுபடி வரும். கேபிள் ஃபிரேமுக்குள் ஓடும் வண்டியில் இந்த வேலையை நான் கடைக்கே விடச் சொல்வேன்.

மின் கியர் என்றால் முதலில் பேட்டரி. பிறகு இணைப்பு முனைகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பூத்திருந்தால் உலரத் துடைத்துப் பொருத்துங்கள், அதற்குமேல் கடைதான்.

## பிரேக் உரசுகிறது, அலறுகிறது, பிடிக்கவில்லை

### கரையிலிருந்து ஏறியதும் ‘சரசர’

டிஸ்க்குக்கும் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு) அதைப் பிடிக்கும் பேடுக்கும் நடுவே மணல். இந்த நிலையில் லிவரை அழுத்தி அழுத்திச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்; மணல் பேடுக்குள் பதிந்துவிடும். இறங்கி, கேலிப்பருக்குள் (பேட்கள் இருக்கும் கூடு) தண்ணீரைப் பீய்ச்சி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மறுபடி பீய்ச்சுங்கள். அதற்குப் பிறகு லேசாக இரண்டு முறை பிடியுங்கள்.

தண்ணீருக்குப் பிறகும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ‘ஸ்ஸ்க்’ என்றால் டிஸ்க் நெளிந்திருக்கலாம். இடைவிடாமல் உரசினால், முதலில் த்ரூ ஆக்சில் (சக்கரத்தை ஃபிரேமில் பூட்டும் அச்சு) முழுக்க இறுகியிருக்கிறதா பாருங்கள். பஞ்சர் போட்டபின் வரும் உரசலுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். அடுத்து, கேலிப்பரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, லிவரை அழுத்திப் பிடித்தபடியே மாறி மாறி இறுக்குங்கள்.

### அலறல், பிடியும் குறைவு

டிஸ்க்கில் ஏதோ பட்டிருக்கிறது. பைன் பிசின், தெறித்த செயின் எண்ணெய், சன்ஸ்கிரீன் தடவிய கை எல்லாமே சாத்தியம். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் சுத்தத் துணியை நனைத்து டிஸ்க்கைத் துடையுங்கள், ஆறிய பின்னர்தான். பேடைக் கழற்றி உப்புத்தாளில் மேல்பரப்பை லேசாகத் தேய்த்துப் பூட்டுங்கள். பிறகு சுமார் 20 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு, சக்கரம் பூட்டாமல், இருபது முறை நிதானமாகக் குறைத்துப் பழக்குங்கள். இதற்கும் அடங்காவிட்டால் எண்ணெய் பேடுக்குள் ஊறிவிட்டது, புதுப் பேட்தான்.

### லிவர் ஹேண்டில்வரை வருகிறது

பேட் தேய்ந்திருக்கும். ஈரமணலில் பேட் தேயும் வேகம் புதியவர்களை அசரவைக்கும். கிளம்பும்போது பாதி இருந்தது திரும்பும்போது உலோகம் தொட்டிருக்கும். சக்கரத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். உலோகத் தட்டின்மேல் 0.5 மி.மீ. மட்டும் மிச்சமிருந்தால் மாற்ற வேண்டிய கட்டம் வந்துவிட்டது. நீண்ட பயணம் என்றால் ஒரு ஜோடி பேட் பையில் இருக்கட்டும். சக்கரம் கழற்றியிருக்கும்போது லிவரைத் தொடாதீர்கள். தொட்டுவிட்டால் பேட்கள் ஒட்டிக்கொண்டு டிஸ்க் நுழையாது.

பேட் நன்றாக இருந்து லிவர் பஞ்சுபோல் அமுங்கினால், அதை வேகமாக நாலைந்து முறை அழுத்தி விடுங்கள். கெட்டிப்பட்டால் குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறது. காற்றெடுக்கும் வேலையைச் செய்து பழக்கமில்லாதவர்கள் கடையில் கொடுங்கள். சில பிரேக்குகளுக்கு மினரல் ஆயில், சிலவற்றுக்கு டாட் (DOT) எனும் பிரேக் திரவம்; மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும். லிவர் அருகே எண்ணெய் கசிந்தால் அந்த வண்டியை ஓட்டவே வேண்டாம்.

## ‘கிறீச்’ என்று ஒரு முனகல், எங்கிருந்தென்று தெரியவில்லை

சத்தம் ஃபிரேம் வழியே பயணம் செய்யும் என்பதால் காதை நம்பாதீர்கள். சமதரையில் மூன்று விதமாக ஓட்டிப் பாருங்கள்.

உட்கார்ந்து மிதிக்கும்போது வந்து, எழுந்து மிதித்தால் நின்றுவிடுகிறதா? சீட்டும் சீட் போஸ்ட்டும்தான். சீட்டின் அடிக்கம்பியைப் பிடிக்கும் கிளாம்பைக் கழற்றி மணலைத் துடைத்துப் பூட்டுங்கள்.

எழுந்து நின்றாலும் வருகிறதா? முதலில் பெடல். இரண்டையும் கழற்றி, மரையைத் துடைத்து, கிரீஸ் தடவி இறுக்குங்கள். இடது பெடலின் மரை எதிர்த்திசை என்பதை மறந்து பலம் போடாதீர்கள். ஷூவின் க்ளீட்டில் (பெடலில் மாட்டும் அடிக்கொக்கி) ஏறிய மணலும் இதே சத்தம் தரும்; சாதாரண செருப்போடு ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அடுத்து, பின் த்ரூ ஆக்சிலை உருவித் துடைத்து மெல்லிய கிரீஸ். இது இவ்வளவு முறை தீர்வாக இருக்கும் என்று நான் முதலில் நினைத்ததில்லை. கடைசியில்தான் பாட்டம் பிராக்கெட் (பெடல் கைகளான கிராங்க் சுற்றும் பேரிங்): செயினைக் கழற்றிக் கிராங்கைச் சுற்றுங்கள், அரைத்தாலோ பக்கவாட்டில் ஆடினாலோ பேரிங் மாற்ற வேண்டும். அழுத்திப் பொருத்தும் வகை என்றால் கருவி இல்லாமல் சுத்தியலை எடுக்காதீர்கள்.

மிதிக்காமல் ஹேண்டிலை மட்டும் இழுக்கும்போது வந்தால் ஸ்டெம் (ஹேண்டிலை முன்ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு). போல்ட்டுகளை அச்சடித்த அளவுக்கே இறுக்குங்கள், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர்.

எதைச் செய்தும் போகாத முனகல் என்றால் ஃபிரேமைத் துடைத்து இணைப்புகளைச் சுற்றிலும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். முடிபோல் ஒரு கோடு தெரிந்து, விரல்நகம் அதில் மாட்டினால், அதோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஃபிரேம் பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

## ஹேண்டில் ஆடுகிறது அல்லது நடுவில் ‘கடக்’ என்று நிற்கிறது

முன்பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி, இன்னொரு கையை ஹெட்செட்டில் (ஹேண்டில் திரும்பும் பேரிங் இருக்கும் இடம்) வையுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஸ்டெம்மின் பக்க போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல் மூடிப் போல்ட்டைக் கொஞ்சம் இறுக்கி, மறுபடி பக்க போல்ட்டுகள். ஆட்டம் இல்லை, ஆனால் முன்சக்கரத்தைத் தூக்கித் திருப்பினால் நடுவில் மாட்டுகிறது என்றால் கீழ்ப் பேரிங்கில் உப்பு இறங்கிவிட்டது. கழுவிக் கிரீஸ் போட்டால் சில வாரம் ஓடும். மாற்றிவிடுங்கள்.

## சக்கரம் கோட்டமாகச் சுற்றுகிறது, ஸ்போக் ஒடிகிறது

ஸ்போக்குகளை ஜோடி ஜோடியாகக் கிள்ளிப் பாருங்கள். தளர்ந்தது ஒன்றிரண்டு இருந்தால் அரை அரைச் சுற்றாக இறுக்கலாம். ஸ்போக்கை ரிம்மில் பிடிக்கும் குட்டி நட்டான நிப்பிளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் திருப்பாதீர்கள். அலுமினிய நிப்பிளும் எஃகு ஸ்போக்கும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று அரித்து ஒட்டியிருக்கும், திருகினால் நிப்பிள் உருண்டுவிடும். கோட்டம் எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து, பித்தளை நிப்பிளுக்கு மாற்றித்தரக் கேளுங்கள். கடலோரத்தில் ஓட்டுகிறவர்களுக்கு அந்தச் சில கிராம் கூடுதல் எடை ஒரு பொருட்டே இல்லை.

## மிதித்தால் வெறுமனே சுற்றுகிறது, அல்லது விட்டாலும் பெடல் சுற்றுகிறது

இரண்டும் ஃப்ரீஹப், அதாவது மிதிக்கும்போது மட்டும் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றும் ஹப் பகுதி. உருளும்போது செயின் மேலே தொய்ந்து ஆடினாலோ, பெடல் தானாகச் சுற்றினாலோ உள்ளே மணலும் கெட்டிப்பட்ட கிரீஸும் சேர்ந்து இறுகிவிட்டது. மிதித்தால் ‘டக்’ என்று வழுக்கினால் உள்ளே உள்ள கொக்கிகள் எழும்பவில்லை. இந்த இரண்டாவது நிலையில் எழுந்து நின்று மிதிக்காதீர்கள். வழுக்கிய கணம் மார்பு ஸ்டெம்மில் அடிக்கும். பல ஹப்களில் மூடியைக் கையால் இழுத்தாலே ஃப்ரீஹப் கழன்றுவரும். துடைத்து, தயாரிப்பாளர் சொல்லும் மெல்லிய கிரீஸை மெலிதாகத் தடவுங்கள். கெட்டி கிரீஸை அப்பினால் கொக்கிகள் மறுபடி ஒட்டிக்கொள்ளும். பற்கள் உடைந்திருந்தால் புது ஃப்ரீஹப்.

## மறுநாள் காலையில் செம்பழுப்புத் துரு, அசையாத சீட் போஸ்ட்

செயினிலும் போல்ட்டுத் தலைகளிலும் ஒரே இரவில் துரு வந்தால், நேற்று கழுவவில்லை அல்லது கழுவிவிட்டு உலர்த்தவில்லை. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வீடு வந்ததும் ஒரு வாளி நல்ல தண்ணீர், ஒரு பஞ்சு. பீய்ச்சியடிக்கும் எந்திரம் வேண்டாம். அது உப்பைப் பேரிங் சீலுக்குள் தள்ளும். மேலிருந்து கீழாகத் தண்ணீர் ஊற்றி, துடைத்து, வண்டியை நிழலில் உலரவிட்டு, அதன்பின் செயினுக்கு லூப். மேல்துரு என்றால் எண்ணெய்த் துணியில் போய்விடும்.

சீட் போஸ்ட்டை மாதம் ஒருமுறை முழுக்க உருவுங்கள். வண்டியைக் கவிழ்த்தால் ஃபிரேமுக்குள் இருந்து ஒரு கைப்பிடி மணல் கொட்டுவதை நீங்களே பார்ப்பீர்கள். குழாயைத் துடைத்து, உலோகம் உலோகத்தைத் தொட்டால் கிரீஸ், கார்பன் எங்கிருந்தாலும் கார்பனுக்கான பசை தடவிப் பழைய உயரத்துக்கே பொருத்துங்கள். உயரத்தை முன்கூட்டியே ஒரு டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டால் வேலை சுலபம்.

ஏற்கெனவே இறுகிவிட்டது என்றால் கிளாம்பைக் கழற்றி, ஊடுருவும் எண்ணெயை விளிம்பில் விட்டு ஓர் இரவு விடுங்கள். அடுத்த நாள் சீட்டை இரண்டு கையாலும் பிடித்து இடவலமாகத் திருகுங்கள், மேல்நோக்கி இழுக்க வேண்டாம். அசைந்தால் கொஞ்சம் கொஞ்சமாக வரும். இரண்டு நாள் இப்படி முயன்றும் அசையவில்லை என்றால் நீளக் குழாய் மாட்டித் திருகவோ, சூடாக்கவோ போகாதீர்கள். கார்பன் ஃபிரேம் அதிலேயே பிளந்துவிடும். இறுகிய போஸ்ட்டை எடுத்துப் பழகிய கடைக்காரரிடம் கொண்டுபோய், என்ன எண்ணெய் விட்டீர்கள், எத்தனை நாள் விட்டீர்கள் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.